மின்சார எஸ்யூவி வாங்குவதற்கு முன்னால் உங்கள் பார்க்கிங்கைப் பாருங்கள்

ஐம்பது லட்சமோ ஒன்றரைக் கோடியோ போட்டு ஒரு மின்சார எஸ்யூவி எடுத்துவிடலாம் என்று பாதி முடிவோடு என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" நான் திருப்பிக் கேட்பது, "ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?" சென்னையில் இந்த மாதிரி ஒரு வண்டியை இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டு பிளக் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியது. அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கினாலும் வாரத்துக்கு இரண்டு முறை ஏதாவது ஒரு சார்ஜிங் நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும், அந்தச் சலிப்பிலேயே வண்டியின் மேல் வெறுப்பு வந்துவிடும். அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு டேப் எடுத்துக்கொண்டு, வண்டி நிற்கும் இடத்திலிருந்து உங்கள் ஈபி மீட்டர் பெட்டி எத்தனை அடி என்று அளந்துவிடுங்கள். கேபிளுக்கும் வேலைக்கும் ஆகப்போகும் செலவில் பெரும்பங்கு அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. அப்புறம் வீட்டில் சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, சாங்ஷன் ஆன லோடு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்க ஈபி உங்களுக்கு அனுமதித்த அளவு, எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். ஈபி கார்டிலோ பில்லிலோ இருக்கும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும், சிங்கிள் ஃபேஸில் வைக்கும் சுவர் சார்ஜரில் 7.4, த்ரீ ஃபேஸ் சார்ஜரில் 11. பேட்டரி அளவு என்று கிலோவாட்-அவரில் (kWh) சொல்கிறார்களே, அதுவும் நம் ஈபி பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றேதான், இது தெரிந்துவிட்டால் பாதிக் கணக்கு எளிதாகிவிடும்.

ஒரு நாளைக்கு ஊருக்குள் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ராத்திரியில் 10 யூனிட், 12 யூனிட் ஏறினாலே போதும். அதை 15 ஆம்பியர் பிளக்கே நாலு மணி நேரத்தில் கொடுத்துவிடும். அப்படியானால் சுவர் சார்ஜர் எதற்கு என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதி பேட்டரியோடு வந்து சனிக்கிழமை விடியற்காலை வெளியூர் கிளம்புகிற நாளுக்காக. மெர்சிடீஸ் ஈக்யூஎஸ் எஸ்யூவியில் இருக்கும் 122 யூனிட் பேட்டரியை 15 ஆம்பியர் பிளக்கில் அடியிலிருந்து நிரப்ப 40 மணி நேரம் ஆகும், மணிக்கு 11 யூனிட் ஏற்றும் 11 கிலோவாட் சார்ஜரில் ஒரு ராத்திரி கொஞ்சம் நீண்டால் முடிந்துவிடும்.

15 ஆம்பியர் பிளக்கை நம்பி ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் வீட்டில் முதல் மாதம் கார் ஷெட்டில் ஏற்கெனவே இருந்த பழைய சாக்கெட்டில்தான் போட்டேன். மூன்றாவது வாரம் காலையில் பிளக்கை உருவும்போது விரலில் சூடு பட்டது. கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறியிருந்தது, உள்ளே ஒயர் மாட்டிய திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அந்த சாக்கெட்டில் அதுவரை ஓடியது வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் தண்ணீர் பம்ப், அதற்கு அது தாங்கும். எட்டு மணி நேரம் விடாமல் முழு லோடு இழுப்பது வேறு விஷயம். சார்ஜிங்குக்கு என்று தனியாக ஒரு லைன், புது சாக்கெட், தனி எம்சிபி (லோடு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), ஒழுங்கான எர்த் என்று போட்டுவிடுங்கள். எர்த் சரியில்லை என்றால் பல சொகுசு வண்டிகள் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும், அது வண்டியின் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒயரை விட அசோசியேஷன்தான் பெரிய வேலை. பொது மீட்டரிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்காதீர்கள், சண்டைதான் வரும். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை உங்கள் செலவில் கேபிள், நடுவில் எம்சிபி, சுவரோரமாக பைப் போகும் பாதையை வரைந்து ஒரு கடிதத்தோடு கொடுங்கள். தீப்பிடிக்குமா என்று கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், அது நியாயமான பயம். எங்கள் குடியிருப்பில் இன்னொருவருக்கு இது மூன்று மாதம் இழுத்தது. எனவே வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். லோடு கூட்ட வேண்டுமென்றால் அந்த மனுவையும் அப்போதே கொடுத்துவிடுவது நல்லது.

சரி, இப்போது ரேஞ்சுக்கு, அதாவது ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு வருவோம்.

இந்தியாவில் விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் எம்ஐடிசி என்ற சோதனையில் வந்தது. ஆய்வுக்கூடத்தில், ஏசி போடாமல், நம் நாற்கரச் சாலை வேகத்துக்கு எட்டாத ஓட்டத்தில் எடுப்பது. ஈக்யூஎஸ் 580 எஸ்யூவிக்கு 809 கிலோமீட்டர், கியா ஈவி9க்கு 561, சென்னைக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலையில் தயாராகும் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 நீள மாடலுக்கு 531 என்று சொல்கிறார்கள். நெடுஞ்சாலைக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு, இந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. டபிள்யூஎல்டிபி என்ற ஐரோப்பிய சோதனையின் எண் கிடைத்தால் அதில் எண்பது சதவீதம். இன்னும் நேரடியாக வேண்டுமானால் பேட்டரி யூனிட்டை எடுத்து, இரண்டே முக்கால் டன் வண்டிக்கு யூனிட்டுக்கு நாலு, நாலரை கிலோமீட்டர் என்றும், இரண்டு டன் வண்டிக்கு ஐந்து என்றும் பெருக்குங்கள். ஐஎக்ஸ்1 நீள மாடலின் பேட்டரி 66.4 யூனிட், அப்படியானால் 330 கிலோமீட்டர். அதிலும் கடைசிப் பத்து சதவீதத்தைத் தொடாமல் ஓட்டுவதுதான் மன நிம்மதி, ஆக 300.

வேகம்தான் ரேஞ்சை அதிகம் சாப்பிடுகிறது. காற்றை எதிர்த்துப் போவதற்கான செலவு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80ல் போவதற்கும் 120ல் போவதற்கும் அந்தப் பங்கு இரண்டே கால் மடங்கு. எஸ்யூவிக்கு முகம் பெரியது, அதனால் அடி கொஞ்சம் பலமாகவே விழும். 120ல் விரட்டிக்கொண்டு போய் கூடுதலாக இருபது நிமிடம் சார்ஜரில் நிற்பதும், 95ல் போய் நிற்காமல் தாண்டுவதும் ஊர் போய்ச் சேரும் நேரத்தில் ஒன்றாகவே முடிந்த பயணங்கள் எனக்கு நிறைய.

ஏசி விஷயத்தில் நம் ஊரில் ஒரு தலைகீழ் எண்ணம் இருக்கிறது, நெடும்பயணத்தில் ஏசியைக் குறைத்து ரேஞ்சைக் காப்பாற்றலாம் என்று. ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் எடுக்கிறது என்று வையுங்கள். நெடுஞ்சாலையில் 90ல் போகும்போது நூறு கிலோமீட்டருக்கு அது 1.7 யூனிட்தான். அதே ஏசி, மே மாதம், கத்திப்பாராவிலிருந்து கிண்டி வரை ஊர்ந்து மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நூறு கிலோமீட்டருக்கு ஏழரை யூனிட் ஆகிவிடும். ஊருக்குள் உங்கள் ரேஞ்சு காட்டியதை விடக் குறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நெடுஞ்சாலையில் பின்சீட்டில் பெரியவர்கள் இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

சக்கர அளவையும் கவனியுங்கள். அழகுக்காக 20 அங்குலத்திலிருந்து 22க்குப் போனால் ரேஞ்சும் குறையும், நம் சாலைக் குழிகளில் டயர் பக்கவாட்டில் வெடிக்கும் வாய்ப்பும் கூடும். புது டயர் என்ன விலை, இருப்பில் இருக்கிறதா என்று ஷோரூமிலேயே கேட்டுவிடுங்கள்.

வழியில் சார்ஜ் ஏற்றுவது

"பத்திலிருந்து எண்பது சதவீதம் 24 நிமிடத்தில்" என்று ஈவி9க்குச் சொல்வது உண்மைதான், 350 கிலோவாட் சார்ஜர் இருந்தால். நம் நெடுஞ்சாலைகளில் சர்வ சாதாரணமாகக் கிடைப்பது 60 கிலோவாட், பல இடங்களில் 30, சில இடங்களில் 120 என்று எழுதியிருக்கும், பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து மாட்டினால் இரண்டாகப் பிரியும். தொட்டிக்கு எவ்வளவு பெரிய வாய் வைத்தாலும் மோட்டார் தள்ளுகிற தண்ணீர்தானே ஏறும். 122 யூனிட் பேட்டரியைப் பத்திலிருந்து எண்பதுக்குக் கொண்டுபோக 85 யூனிட் வேண்டும், 60 கிலோவாட் சார்ஜரில் ஒன்றரை மணி நேரம். 66 யூனிட் பேட்டரிக்கு 46 யூனிட் போதும், முக்கால் மணி நேரம். எனவே விவரப் பட்டியலில் இருக்கும் உச்ச கிலோவாட்டைப் பார்த்து மயங்காமல், 60 கிலோவாட் சார்ஜரில் ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை கிலோமீட்டர் ஏறும் என்று கேளுங்கள். யூனிட்டுக்கு நாலரை ஓடும் பெரிய வண்டிக்கு 270, ஐந்து ஓடும் சின்ன வண்டிக்கு 300. சாலையில் சின்ன வண்டிக்குத்தான் வேகமாக ஏறுகிறது!

இதை ஒரு பயணத்தில் வைத்துப் பார்ப்போம். சென்னையிலிருந்து கொடைக்கானல், சுமார் 520 கிலோமீட்டர். கடைசி அறுபதில் வத்தலக்குண்டிலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆட்களோடு 2.3 டன் இருக்கும் ஐஎக்ஸ்1க்கு அந்த ஏற்றத்துக்கு மட்டும் 12, 13 யூனிட் கூடுதல், மூன்று டன்னைத் தொடும் ஈக்யூஎஸ்ஸுக்கு 16. எல்லாம் சேர்த்து ஐஎக்ஸ்1க்குச் சுமார் 117 யூனிட், ஈக்யூஎஸ்ஸுக்கு 137 யூனிட் வேண்டும். கையிருப்பாகப் பத்து சதவீதம் வைத்துக்கொண்டால் ஐஎக்ஸ்1 வழியில் 58 யூனிட் ஏற்ற வேண்டும், ஈக்யூஎஸ் 27 யூனிட். ஒன்றுக்கு மொத்தம் ஒரு மணி நேரம், காலைச் சாப்பாட்டுக்கு அரை, மதியத்துக்கு அரை. இன்னொன்றுக்கு அரை மணி நேரம். அறிமுகமானபோது ஒன்று 49 லட்சம், மற்றது 1.41 கோடி. இடம், அமைதி, ஏழு இருக்கை இவற்றுக்காக ஈக்யூஎஸ் வாங்குங்கள், அது அருமையான வண்டி. ரேஞ்சுக்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், வருடத்துக்கு எத்தனை முறை அந்த அரை மணி நேரம் உங்களுக்கு மிச்சமாகும் என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

மலைப் பயணத்தில் இன்னொன்று. மேலே தங்கும் விடுதியில் பிளக் கிடைத்ததே என்று நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இருந்தால்தான் இறக்கத்தில் மோட்டார் வண்டியைப் பிடித்து அந்தச் சக்தியைத் திருப்பி அனுப்ப முடியும். நிரம்பியிருந்தால் வெறும் பிரேக்கில்தான் இறங்க வேண்டும், அவ்வளவு கனமான வண்டியில் அது நல்லதில்லை. போன ஜனவரியில் கொடையிலிருந்து 41 சதவீதத்தில் கிளம்பினேன், வத்தலக்குண்டு வந்தபோது 45. கீழே நிறுத்தி இறங்கியதும் பிரேக் டிஸ்க் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், பெட்ரோல் வண்டியில் அடிக்கும் அந்த அனல் இல்லை.

சார்ஜர்களின் நம்பகத்தன்மை முன்பை விடப் பரவாயில்லை, ஆனால் ஒரே சார்ஜரை நம்பித் திட்டம் போடும் நிலை இன்னும் வரவில்லை. பிளக்‌ஷேர் போன்ற ஆப்பில் அந்த இடத்தில் கடைசியாக யார், எப்போது வெற்றிகரமாக ஏற்றினார் என்று பாருங்கள். இரண்டு நாளுக்குள் ஒருவர் ஏற்றியிருந்தால் நம்பிப் போகலாம். இருபது சதவீதம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், அது வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போகத் தெம்பு இருக்கும். மூன்று நாலு ஆப்பில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு ஓடிபிக்காகக் காத்திருப்பது கொடுமை. ஒரு முறை விழுப்புரம் தாண்டி இரவு பதினொன்றரைக்கு ஒரு நிலையத்தில் சார்ஜர் திரை முழுக்கச் சிவப்பாக நின்றது, உதவி எண்ணில் யாரும் எடுக்கவில்லை, மனைவியும் குழந்தையும் வண்டிக்குள் தூக்கத்தில். அங்கிருந்த வாட்ச்மேன் அண்ணன்தான் டார்ச் அடித்துக் காட்டினார், பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு அவசர பட்டனை யாரோ அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை வலப்பக்கம் திருகினால் வெளியே துள்ளி வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் சார்ஜர் உயிர் பெற்றது. நீங்களும் போனவுடன் முதலில் அந்த பட்டனைப் பாருங்கள்.

பணக் கணக்கு

எல்லோரும் பெட்ரோல் மிச்சத்திலிருந்து ஆரம்பிப்பார்கள், நானும் முதலில் அதையே போட்டுக் காட்டுகிறேன். வருடம் 15,000 கிலோமீட்டர் என்றால் ஈபி பில் வரும் இரண்டு மாதத்துக்கு 2,500 கிலோமீட்டர். சார்ஜ் ஏறும்போது வீணாவதும் சேர்த்து சுமார் 560 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி, இப்போது 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு பில் 705 ரூபாய். வண்டி வந்தால் 860 யூனிட், பில் 5,500 சொச்சம். 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ் அடுக்குகளின் விலையும் கூடிவிடுவதைக் கவனியுங்கள். ஆக வண்டிக்கான செலவு 4,800, கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே மூன்று ஏசி ஓடி 800 யூனிட்டில் நிற்கும் வீடு என்றால் வண்டியின் யூனிட்கள் 10.70 ரூபாயிலும் 11.80 ரூபாயிலும் விழும், இரண்டு மாதத்துக்கு 6,400 ஆகும். லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கும் பெட்ரோல் எஸ்யூவிக்கு அதே 2,500 கிலோமீட்டருக்கு 22,000, 23,000 ரூபாய். வருடத்துக்கு ஒரு லட்சம் மிச்சம். வெளியே யூனிட் 20 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஏற்றினால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் வந்துவிடும், அந்த மிச்சத்தில் பாதி போய்விடும். பார்க்கிங்கைப் பாருங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த விலையில் வண்டி வாங்குகிறவருக்கு உண்மையான மிச்சம் பதிவு செய்யும் நாளிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது பெட்ரோல், டீசல் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 50 லட்சம் வண்டிக்குப் பத்து லட்சம், அதாவது மேலே போட்ட பெட்ரோல் மிச்சத்தில் பத்து வருடம். பேட்டரி வண்டிகளுக்கு அரசு இந்த வரியில் முழு விலக்கு கொடுத்து, தேதி வைத்து நீட்டித்து வந்திருக்கிறது. நீங்கள் பதிவு செய்யும் தேதியில் அரசாணை நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், டீலர் வாயால் சொன்னது போதாது. ஜிஎஸ்டியும் அப்படியே, மின்சாரக் காருக்கு 5 சதவீதம், பெரிய பெட்ரோல் எஸ்யூவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40. அதனால்தான் ஐஎக்ஸ்1ஐ அதன் பெட்ரோல் உடன்பிறப்பின் விலையிலேயே கொடுக்க முடிகிறது. தொழில் நடத்துகிறவர்கள் தேய்மானக் கழிவில் மின்சார வாகனத்துக்கு 40 சதவீதம் எடுப்பது பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள், சாதாரணக் காருக்கு 15தான்.

இவ்வளவு லாபத்தையும் தின்னக்கூடியது மறுவிற்பனை. சொகுசு மின்சார வண்டிகள் விலையில் வேகமாக இறங்குகின்றன. புது மாடல் கூடுதல் ரேஞ்சோடு வந்தவுடன் பழையதைக் கேட்க ஆள் குறைகிறது, தவிர வரி விலக்கு பெற்ற புது வண்டியே எதிரில் போட்டிக்கு நிற்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை வண்டி மாற்றும் பழக்கம் உள்ளவர் என்றால், திரும்ப வாங்கிக்கொள்வதற்கு நிறுவனம் எழுத்தில் விலை உறுதி தருகிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் லீஸ் பாருங்கள். ஏழெட்டு வருடம் வைத்திருப்பேன் என்பவருக்கு இந்தக் கவலை குறைவு. இதையே திருப்பிப் போட்டால், இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டியை நல்ல விலைக்கு வாங்கலாம். பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், ஈக்யூஎஸ்ஸுக்கு 10 வருடம், 2.5 லட்சம். அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று பாருங்கள், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு 15 சதவீதம் தள்ளுபடி உண்டு, அது சிறிய தொகை. சென்னைக்காரர்கள் பார்க்க வேண்டியது வெள்ளம். பேட்டரி ஐபி67 தரத்தில் இருக்கும், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எத்தனையோ அடித்தளப் பார்க்கிங்குகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பாலிசியில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தண்ணீர் சேதம் அடங்குமா என்று வரி வரியாகப் படியுங்கள். எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள். மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம், பிளாட்பெட் லாரியில் ஏற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக டெஸ்ட் டிரைவ். ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டி ஒன்றும் தெரியாது. இந்த விலை வண்டிக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுங்கள் என்று கேட்கலாம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வீட்டுப் பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்தி, சார்ஜ் போர்ட் எந்தப் பக்கம், உங்கள் சாக்கெட்டிலிருந்து கேபிள் எட்டுமா என்று பாருங்கள். ஈசிஆரில் மகாபலிபுரம் வரை வீட்டு ஆட்களை உட்காரவைத்து ஏசியோடு போய் வாருங்கள், கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரையும் சதவீதத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் ஏதாவது ஒரு சார்ஜரில் பத்து நிமிடம் மாட்டி எத்தனை கிலோவாட் ஏறுகிறது என்று நீங்களே படியுங்கள், விற்பனையாளர் மாட்டிக் காட்ட வேண்டாம், சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் கன்னை உங்கள் கையால் தூக்கி மாட்டுங்கள். நாளைக்கு மழையில் அதைத் தூக்கப் போவது உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம், அவர்களையும் ஒரு முறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.